ஞாயிற்றுக்கிழமை வரும் கூட்டு

மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டு மாடியில் எனக்கு அறை கிடைத்தது என் யோக்கியதையால் அல்ல, ஒரு வார்த்தையை நான் தப்பாகப் புரிந்துகொண்டதால். ஆறு வருடமாகிவிட்டது. இப்போதும் யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால் எனக்கு முதலில் பசிதான் எடுக்கிறது.

அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. விருதுநகரில் ஒரு கமிஷன் மண்டியில் பன்னிரண்டு வருடம் மிளகாய் வத்தலோடு குப்பை கொட்டியவள். வத்தலை உள்ளங்கையில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் எத்தனை ஈரம், எந்தப் பக்கத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவேன். என் முதலாளியின் உறவினர் ஒருவர் மட்டாஞ்சேரியில் ஏற்றுமதிக் கிடங்கு வைத்திருந்தார். சரக்கு தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டு ஆள் அனுப்பினார். மூட்டையில் இருந்து சாம்பிள் எடுப்பது, சலிப்பது, சின்னப் பொட்டலமாகக் கட்டிச் சீட்டு ஒட்டுவது, இதுதான் வேலை. சம்பளம் என்று பார்த்தால் வாயைத் திறந்து ஊரில் சொல்லும்படி இல்லை. ஆனால் அண்ணன் வீட்டு நடு அறையிலிருந்தும் அண்ணியின் சீரியல் சத்தத்திலிருந்தும் என்னைக் கிளப்பிக்கொண்டு வர அது போதுமாயிருந்தது.

முதல் இரண்டு மாதம் கலூரில் ஒரு பெண்கள் விடுதி. ஒரு அறையில் நாலு கட்டில். எனக்கு வாய்த்தது கதவோரக் கட்டில். போகிறவர் வருகிறவர் எல்லாரும் என் காலில் இடித்துவிட்டுத்தான் போவார்கள். அங்கிருந்து மட்டாஞ்சேரிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்வதற்குள் வேலைக்குப் போகும் ஆசையே போய்விடும். அதனால் வேலைக்குப் பக்கத்திலேயே ஒரு அறை தேட ஆரம்பித்தேன். என் சம்பளத்துக்கு எர்ணாகுளம் பக்கம் ஸ்கூட்டர் நிறுத்தும் இடம் வேண்டுமானால் கிடைத்திருக்கும்.

வீட்டுத் தரகர்களுக்கு எங்கே பயிற்சி தருகிறார்களோ தெரியாது, எல்லாருக்கும் ஒரே முதல் கேள்விதான். "ஃபேமிலியாணோ?" இல்லை என்றால், "ஒற்றைக்கா?" அதற்குப் பிறகு ஒரு மௌனம். அந்த மௌனத்தில் அவர்கள் என் மாமனார் மாமியார் தொடங்கி, எனக்கு இல்லாத புருஷனின் குடிப்பழக்கம் வரை எல்லாவற்றையும் கற்பனை செய்து முடித்துவிடுவார்கள். எனக்கு முன்கோபம் உண்டு. நாலாவது தரகரிடம், "ஒற்றைக்குத்தான், நான் பிறந்ததே ஒற்றைக்குத்தான்" என்று தமிழில் கத்திவிட்டேன். அவர் என் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார். மறுநாள் போன் செய்து, ஒரு அறை இருக்கிறது, உடனே வரலாம் என்றார். என்ன மாயம் செய்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கார அம்மாவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். கீழே முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட்டும் நைட்டியும் தைத்துக்கொண்டிருந்தார். கணவர் வளைகுடாவில் வேலை; மகள் கல்யாணமாகி வெளிநாட்டில். நான் சேச்சி என்று கூப்பிட்டேன். அவர் என்னைக் "கொச்சே" என்றார். கொச்சி என்று ஊர்ப் பெயரை ஏன் அடிக்கடி சொல்கிறார் என்று இரண்டு நாள் குழம்பிப்போனேன். பிறகுதான் தெரிந்தது, சின்னப் பெண்ணே என்று அர்த்தமாம். முப்பத்தொன்பது வயதில், ஓரத்தில் நரைத்த தலையோடு சின்னப் பெண்ணானேன். யாருக்குத்தான் கசக்கும்!

ஒரு வியாழக்கிழமை, அரை நாள் லீவு போட்டு, சாமான்களோடு வந்து இறங்கினேன். சாமான் என்றால் ஒரு பெட்டி, ஒரு பாய், ஐந்து கிலோ கேஸ் சிலிண்டர், இரண்டு பாத்திரம். மாடிக்கு ஏற்றி முடித்ததும் பசியில் கண் இருட்டியது. படியிலேயே உட்கார்ந்து, விடுதியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த தயிர் சாதத்தைத் திறந்தேன். சேச்சி கீழே நின்று என்னையும், என் டப்பாவையும், மேலே திறந்து கிடந்த அறையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கூட்டொண்ணும் இல்லே?"

வெறும் தயிர் சாதத்தைத் தின்கிறாளே என்ற கவலை அந்த முகத்தில் எனக்குத் தெரிந்தது. மனம் நெகிழ்ந்துபோனேன். கூட்டு என்றால் எனக்கு பாசிப்பருப்பும் பூசணிக்காயும் வேகவைத்துத் தேங்காய் அரைத்து விட்டதுதான். எங்கள் ஊர்ப்பக்கத்து வயிற்றுக்கு வேறு அர்த்தம் தெரியாது. விடுதியில் இரண்டு மாதமாக அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு இல்ல சேச்சி" என்றேன். "ஞாயித்துக்கிழமை உண்டு."

"ஞாயறாழ்ச்சயா? ஆ, செரி" என்று அவர் முகம் தெளிந்தது. மிஷினுக்குத் திரும்பிப் போனார்.

அந்த மூன்று நாளும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மரத்தளம் போட்ட பழைய அறை. நடந்தால் முனகும். ஜன்னலைத் திறந்தால் சந்தில் சுக்கு வாசனையும் சாக்கடை வாசனையும் சண்டை போட்டுக்கொண்டு உள்ளே வரும். உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராகக் கசியும், துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. எதைப் பற்றியும் எனக்குப் புகார் இல்லை. விளக்கை நான் போடுவேன், நானே அணைப்பேன். காலையில் பால் விடாத கட்டன் சாயா போட்டு, அதை முழுதாகக் குடித்து முடிக்கும் வரை யாரும் என்னிடம் எதையும் எடுத்துவரச் சொல்லவில்லை. இந்த சந்தோஷத்தை விளக்கப் போனால் குடும்பஸ்தர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அதனால் நான் விளக்குவதில்லை.

தனி ஆளாகச் செலவு செய்வதும் ஒரு வித்தைதான். இந்த உலகத்தில் எல்லாவற்றையும் நாலு பேருக்கு என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். மீன்காரச் சேட்டனிடம் மத்தி கால் கிலோ கேட்டால், "பூச்சய்க்காணோ?" என்று பூனைக்கா வாங்குகிறாய் என்ற அர்த்தத்தில் கேட்பார். ஆமாம், பெரிய பூனை என்பேன். தேங்காயின் மறுமூடி மூன்றாம் நாள் வழவழக்கும். வைத்த குழம்பு திங்கள், செவ்வாய், புதன் என்று கூடவே வரும், நாளுக்கு நாள் ருசி கூடிக்கொண்டே. ஊர் சுற்றத் தோன்றினால் படகு ஏறி எர்ணாகுளம் போய், கரையில் ஒரு கடலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு, அடுத்த படகில் திரும்பிவிடுவேன். காற்று வாங்கியது போலவும் ஆயிற்று, செலவும் இல்லை. இப்படி ஒரு வாழ்க்கைக்கு எந்தக் குறையும் சொல்ல முடியாது என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டாஞ்சேரி மார்க்கெட்டில் பூசணிக்கீற்று ஒன்று வாங்கி, பாசிப்பருப்பு வேகவைத்து, சீரகமும் தேங்காயும் அரைத்து, என் வாழ்நாளின் மிகச் சிறந்த கூட்டை வைத்தேன். சேச்சியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேனே! பெரிய கிண்ணத்தில் ஊற்றி, மேலே தட்டுப் போட்டு மூடி, படி இறங்கினேன்.

கீழே வாசல் பெருக்கித் துடைத்திருந்தது. மாதா படத்துக்குப் புது மாலை. மேஜையில் மூன்று தட்டு, நடுவில் மீன் கறி, பக்கத்தில் வேகவைத்த கப்பைக்கிழங்கு. சேச்சி நல்ல சேலை உடுத்தியிருந்தார். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கூட்டெவிடெ?"

"இதோ" என்று கிண்ணத்தை நீட்டினேன்.

அவர் தட்டைத் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கிண்ணத்தைப் பார்த்தார். "இதா?" என்றார். "ஆமா சேச்சி. பூசணிக்கா." அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன், எதற்கென்று தெரியாமலே. மூச்சு வாங்கி, கொஞ்சம் மலையாளமும் தைக்க வருகிற பெண்களிடம் கற்ற கொஞ்சம் தமிழுமாக அவர் எனக்குப் புரியவைத்தார். கூட்டு என்றால் துணை. உன்னோடு தங்க ஆள் இல்லையா என்றுதான் அன்றைக்குக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வரும் என்று நான் சொன்னேன். அக்காவோ தங்கையோ வரப்போகிறாள் என்று நினைத்து, மூன்றாவது தட்டை அவளுக்கு வைத்திருக்கிறார். அதற்கும் முன்னால் தரகர், இரண்டு பெண்கள் வருகிறார்கள் என்று சேச்சியிடம் பொய் சொல்லி வைத்திருக்கிறார்.

சேச்சி என் கூட்டைச் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். கை கழுவிவிட்டு வந்து, சிரிப்பு இல்லாத முகத்தோடு சொன்னார்.

"கொச்சே, ஒற்றைக்குப் பற்றூல்லா. ஒரு ஆளெக் கூட்டிக்கோ. மாசம் தீருந்ந வரெ நோக்காம்."

தனியாக முடியாது, மாதம் முடிவதற்குள் ஒரு ஆளைச் சேர்த்துக்கொள், இல்லாவிட்டால் அறை இல்லை. மூன்று வாரம் இருந்தது.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வேன். தரகர் மேல் அல்ல, சேச்சி மேல். இந்த அம்மாவும் அப்படித்தானா என்ற கோபம். தனியாக இருக்கிற பொம்பளை என்றால் என்னவெல்லாம் நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஊரில் அண்ணி நினைத்தாள், அண்ணியின் அம்மா நினைத்தாள், எதிர்வீட்டுக்காரி நினைத்தாள். நான் வேலை முடிந்து ஒரு மணி நேரம் தாமதித்து வந்தால் அண்ணன்கூட செருப்பைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவான். அந்தப் பார்வையிலிருந்து தப்பித்து மலை தாண்டி வந்தால், இங்கே அது மீன் கறி வைத்து உபசரிக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்கு நானே பொருமிக்கொண்டேன்.

இருந்தாலும் அறை வேண்டுமே. வைட்டிலா வரை போய்ப் பார்த்தேன். என் சம்பளத்தில் வாடகை கொடுத்தால் வாயில் போட ஒன்றும் மிஞ்சாது. கிடங்கில் என்னோடு இஞ்சி பொறுக்கும் இடக்கொச்சிக்காரச் சேச்சி, "நீ ஒரு ஆளெ வெச்சா வாடக பாதியல்லே" என்று புத்தி சொன்னாள். நியாயம்தான். கலூர் விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்த தேனிக்காரப் பெண்ணைக் கூப்பிட்டேன். துணிக்கடையில் வேலை பார்ப்பவள், நல்லவள். அடுத்த ஞாயிறு அறையைப் பார்க்க வந்தாள்.

வந்தவள் பத்து நிமிஷத்தில் என் பாத்திரங்களை இடம் மாற்றி அடுக்கினாள். பாயை ஜன்னல் பக்கமிருந்து சுவர்ப்பக்கம் தள்ளினாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் சித்தியிடம், "ரூம் பரவால்ல, அக்காதான் கொஞ்சம் உம்முனு இருக்கு" என்றாள். நான் அங்கேதான் நின்றிருந்தேன். சாயா போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "எப்பக்கா வரட்டும்?" என்று கேட்டாள். வாடகை பாதி. கேஸ் பாதி. வாயைத் திறந்து தேதி சொன்னால் காரியம் முடிந்தது.

"வேண்டாம்மா" என்றேன். "எனக்கு ஒத்து வராது."

அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. பஸ் ஏற்றிவிட்டு வந்து, பாத்திரத்தை மறுபடி பழையபடி அடுக்கினேன். மூளை இருக்கிறவள் செய்யும் காரியமா இது? ஆனால் நாற்பது வயதுக்குப் பக்கத்தில் முதன்முறையாக எனக்கென்று நாலு சுவர் கிடைத்திருக்கிறது. அதைக் காப்பாற்ற அதையே பாதி விட்டுக்கொடுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. முழுதாகப் போனாலும் போகட்டும் என்று இருந்தது. அப்படிச் சொல்லிக்கொண்டேனே தவிர, அன்றைக்கு அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதது எனக்குத்தான் தெரியும்.

மாதத்தின் கடைசி சனிக்கிழமை மதியம். கிடங்கில் அரை நாள். சேச்சியிடம் சொல்ல வேண்டியதை இடக்கொச்சிக்காரியிடம் கேட்டு, சாம்பிள் கவர் ஒன்றின் பின்பக்கம் தமிழ் எழுத்தில் மலையாளமாக எழுதி வைத்திருந்தேன். பெட்டியும் கட்டியாகிவிட்டது. கீழே போனேன். சேச்சி ஒரு கல்யாண வீட்டு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தார். நான் கவரைப் பிரித்துப் பள்ளிக்கூடப் பிள்ளை போல வாசித்தேன்.

"சேச்சி, ஞான் மரியாதக்காரியாணு. என்றெ முறியில் ஆரும் வரத்தில்ல. ஒற்றைக்குத் தாமசிக்குந்ந பெண்ணுங்ஙள் சீத்த அல்ல."

நான் மரியாதையானவள், என் அறைக்கு யாரும் வருவதில்லை, தனியாகத் தங்குகிற பெண்கள் கெட்டவர்கள் அல்ல. அதற்கு மேல் கவரில் எழுதியிருந்ததை விட்டுவிட்டேன். மீதி தமிழில் கொட்டியது. தனியாக இருந்தால் கெட்டுப்போய்விடுவேன் என்று உங்களுக்கு யார் சொன்னது, என்னைப் பற்றி என்ன தெரியும் உங்களுக்கு, நான் சம்பாதித்து நான் சாப்பிடுகிறேன், யார் கையையும் எதிர்பார்க்கவில்லை என்று குரல் உயர்ந்துகொண்டே போனது.

சேச்சி கத்தரிக்கோலை வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நின்னெப்பற்றி ஞான் வல்லதும் பறஞ்ஞோ கொச்சே?"

என்னைப் பற்றி அவர் எதுவுமே சொல்லவில்லை. அது உண்மைதான். சொல்லாததற்கு எல்லாம் நானே பதில் சொல்லிக்கொண்டு நின்றிருந்தேன்.

அவர் எழுந்து வாசலுக்கு வந்து, மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு பேசினார். எனக்கு முன்னால் அந்த அறையில் ஒரு டீச்சர் இருந்தாள். தனி ஆள்தான். தங்கமானவள், இருக்கிற இடம் தெரியாது. ஒரு மழைக்காலத்தில் பனி பிடித்துப் படுத்தாள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல், அது எனக்கு அப்போது தெரிந்திருந்தது. இரண்டு நாள் மேலே கிடந்தாள். தண்ணீர் எடுத்துக் குடிக்கவும் முடியவில்லை.

"ஞான் இவிடெ, தாழெ. கல்யாண ஆர்டர். மிஷின் சவிட்டுகயா. ரெண்டு திவசம். அவள் விளிச்சில்ல." சேச்சியின் குரல் தடுமாறியது. "மூணாம் திவசம் நோக்கும்போ போதமில்ல. ஆசுபத்திரியில கொண்டுபோயி, ரக்ஷப்பெட்டு. ஞான் கேட்டு, எந்தா விளிக்காஞ்ஞேன்னு. அவள் பறஞ்ஞு, சேச்சிக்கு புத்திமுட்டாகண்டா என்னு."

கீழே கல்யாண ஆர்டருக்கு மிஷின் மிதித்துக்கொண்டிருந்தவரை அவள் கூப்பிடவே இல்லை; மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது நினைவில்லாமல் கிடந்தாள். ஏன் கூப்பிடவில்லை என்று பிறகு கேட்டிருக்கிறார். சேச்சிக்குத் தொந்தரவு வேண்டாமே என்றிருந்தேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். பிழைத்தவளை அவள் அண்ணன் வந்து ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். இனி தனி ஆளுக்கு அறை இல்லை என்று சேச்சி அன்றைக்கு முடிவு செய்தது அவளைத் தப்பாக நினைத்து அல்ல.

"எனிக்கு இனி அது பற்றூல்லா" என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த டீச்சரை எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நானும் அதே ரகம்தான். அண்ணன் வீட்டில் பல்வலியோடு நாலு நாள் சிரித்த முகமாக இருந்திருக்கிறேன். யாருக்கும் தொந்தரவு தராதவள் என்று ஒரு நல்ல பெயர், அதை வைத்துத்தான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன்.

"நான் கூப்பிடுவேன் சேச்சி" என்றேன்.

"எல்லாரும் பறயும்."

"சத்தியமா கூப்பிடுவேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிஷினில் போய் உட்கார்ந்தார். "எங்கில் போயி விளி. முறியில நின்னு. இப்போ."

அப்படியானால் மேலே போய் அறையிலிருந்து கூப்பிடு, இப்போதே. வேடிக்கை என்று நினைத்துப் படியேறினேன். கட்டி வைத்த பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். கீழே மிஷின் ஓடத் தொடங்கியது. வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. மூட்டை தூக்குகிறவர்களை அதட்டுகிற வாய், தரகரிடம் கத்திய வாய். ஒருவரை இங்கே வா என்று கூப்பிட வராமல் அது மக்கர் செய்தது. அம்மா போன பிறகு நான் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பது அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தது.

"சேச்சி!"

எனக்கே கேட்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, தரையைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினேன்.

"சேச்சீ!"

மிஷின் நின்றது.

"எந்தோ…?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. என்னம்மா என்று அர்த்தம். அந்த ஊரில், கூப்பிட்டவர்மேல் பிரியம் இருந்தால் அப்படித்தான் இழுத்துக் கேட்பார்கள்.

கண் நிறைந்து சுவர் தெரியவில்லை.

"சும்மா சேச்சி" என்றேன். "சும்மாதான் கூப்பிட்டேன்."

"ஆ. அது மதி" என்றார். அது போதுமாம். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. நான் பெட்டியைப் பிரித்தேன்.